ரவையும் கோதுமைதான்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த இதழில் வந்த இத்தாலியப் பாஸ்தா பற்றிய கட்டுரையை ஆசையாக வாசித்துக்கொண்டு வந்தேன். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கோதுமை மாவை விட்டு ரவையில் செய்த பாஸ்தாவைச் சாப்பிடலாம் என்ற இடத்தில் திடுக்கிட்டுப் போனேன். என் மகளுக்கு ஆறு வயதில் சீலியாக் நோய், அதாவது குளூட்டன் சேர்ந்தால் குடல் பாதிக்கப்படும் நோய், என்று கண்டுபிடித்தார்கள். அதனால்தான் பலெர்மோவிலிருந்து இதை எழுதுகிறேன்.

பாஸ்தாவுக்கான செமோலா, டியூரம் என்ற கடினக் கோதுமையை உடைத்தெடுக்கும் ரவை. இத்தாலியத் தயாரிப்பாளர்கள் உள்நாட்டில் விற்கும் உலர் பாஸ்தாவை அந்த ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967 முதல் சட்டமே இருக்கிறது. பூலியாவின் ஓரெக்கியெட்டே, எங்கள் சிசிலியில் மெல்லிய குச்சியில் சுற்றி உருட்டும் பூசியாத்தே, இரண்டும் ரவையும் தண்ணீரும்தான். பொலோஞ்ஞாவின் தலியாத்தெல்லே கோதுமை மாவும் முட்டையும். எல்லாவற்றிலும் குளூட்டன் உண்டு.

கட்டுரை பரிந்துரைத்த பிட்சோக்கெரி என்ற பக்வீட் பாஸ்தாவும் ஆபத்துத்தான். பக்வீட் தானியம்போல மாவாக்கும் ஒரு விதை; பெயரில் 'வீட்' இருந்தாலும் கோதுமை இனமல்ல, அதில் குளூட்டன் இல்லை, உண்மை. ஆனால் அந்த மா தனியே இழுபடாது. அது பிறந்த வட இத்தாலியின் வால்டெல்லினாவில் 400 கிராம் பக்வீட் மாவுக்கு 100 கிராம் கோதுமை மா சேர்த்துத்தான் குழைப்பார்கள்.

நாங்கள் வாங்குவது மக்காச்சோளமும் அரிசியும் கலந்த பாஸ்தா. மாப்பொருளை வலைபோலப் பிடித்து வைத்திருப்பது குளூட்டன். அது இல்லாததால் தண்ணீர் சீக்கிரமே கஞ்சிபோலத் தடித்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். நடுவிலுள்ள வெள்ளைப் புள்ளி மறையும்போது இறக்கிவிட வேண்டும். பிந்தினால் குழைந்து உடையும், ஆறினால் விறைக்கும். சுடச்சுடச் சாப்பிட்டால் நல்ல ருசி.

பாத்திரமும் வேறாக இருக்க வேண்டும். எங்கள் ஸ்பகெட்டியை வடித்த வடிதட்டிலேயே ஒருநாள் அவசரத்தில் அவளுடையதையும் வடித்துவிட்டேன். இரவு முழுக்கப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லை' என்று பெட்டியில் போடவே இங்கே அனுமதி இல்லை. அந்த அளவு எவ்வளவு சிறிது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. 2005ஆம் ஆண்டின் 123ஆம் இலக்கச் சட்டத்தால், கேட்டுக்கொண்டால் பாடசாலை உணவுக்கூடத்தில் இவளுக்கென்று குளூட்டன் இல்லாத சாப்பாடு கொடுக்கிறார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல். நம்மவர் வீடுகளில்தான் கூடுதல் பயம். 'அரிசிமா இடியப்பம்தானே, பிள்ளைக்குக் குடுங்கோ' என்று அன்போடு நீட்டுவார்கள். விசாரித்தால் பாதிக்குப் பாதி அவித்த கோதுமை மா கலந்திருக்கும்.

தயவுசெய்து அடுத்த இதழிலேயே, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். அதை வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் தாய்மார் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பலெர்மோ, இத்தாலி