புதிர் எழுத்தும் புது மொழியும் அமைக்கும் காமிக்ஸ் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். உங்கள் மாயலோகக் காமிக்ஸுக்காக நீங்கள் வரைந்த எழுத்து அட்டவணையைப் பார்த்தேன். தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனியே ஒரு குறி. ஒவ்வொன்றும் அழகாக இருக்கிறது. ஆனால் இதை எந்த வாசகராலும் உடைக்க முடியாது. ஏன் என்று சொல்லவும், எப்படி மாற்றலாம் என்று காட்டவும்தான் இந்தக் கடிதம். இதே வேலையில் இறங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

வாசகருக்குக் கிடைப்பது ஒரு கல்வெட்டும் இரண்டு மூன்று பேச்சுப் பலூன்களும். எல்லாம் சேர்த்தாலும் அறுபது எழுபது குறிகள்தான் தேறும். 247 குறிகளிலிருந்து எடுத்து எழுதினால் அவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஒரு முறைதான் தலைகாட்டும். ஒருமுறை மட்டும் வந்துபோன குறியை எதோடும் ஒப்பிட வழியில்லை. வாசகர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிப் பக்க விடைக்குக் காத்திருப்பார். அங்கேயே புதிர் முடிந்துபோகிறது. கதைக்குள் இருக்கும் பொருளை வைத்தே, விடை வரும் பக்கத்துக்கு முன்பே, வாசகரால் கண்டுபிடிக்க முடிய வேண்டும். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்; மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

ஆகவே குறிகளைக் குறையுங்கள். 18 மெய்க்கு 18 உருவம். உயிர் தனித்து வரும் இடத்தில் அதைத் தாங்க ஒரு வெற்று உருவம். ஆ முதல் ஔ வரை 11 துணைக்குறி. ஒற்றுக்கு ஒரு புள்ளி. மொத்தம் 31. ஆய்தம் வரும் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். இப்போது அதே அறுபது எழுத்தில் ஒவ்வொரு உருவமும் மூன்று நான்கு முறை வரும். மெய்யும் உயிரும் தனித்தனியாகத் தெரிவதால், ‘இது வல்லினமா, மெல்லினமா’ என்று வாசகர் யோசிக்கத் தொடங்குவார்.

அடுத்தது, வாசகர் முதல் குறியைப் பிடிக்க ஒரு நுழைவாசல். தமிழே சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ‘ங்’ வந்தால் அடுத்தது பெரும்பாலும் ககரம்தான். அதைவிட நல்ல வாசல் வலி மிகும் இடம். ‘அந்தக் கதவு’, ‘எனக்குத் தெரியும்’ போன்ற தொடர்களில் ஒரு சொல்லின் கடைசிப் புள்ளிக்குறியும் அடுத்த சொல்லின் முதல் உருவமும் ஒன்றாக இருக்கும். தமிழ்ச்சொல் தானாக வல்லின ஒற்றில் முடிவதில்லை. ஆகவே அப்படி இரட்டித்து நிற்பது பெரும்பாலும் க, ச, த, ப நான்கில் ஒன்றுதான். ஒரு பக்கத்தில் இப்படி இரண்டு மூன்று இடம் இருந்தால் போதும், கவனமான வாசகர் உள்ளே வந்துவிடுவார். இதனாலேயே கல்வெட்டு வாசகத்தில் சந்திப் பிழை இருக்கக்கூடாது. ஒரு ‘க்’ விட்டுப்போனால் ஒரு வாசல் மூடிக்கொள்ளும்.

இன்னொரு வாசல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல். ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் பிராமி என்ற பழைய இந்திய எழுத்தைப் படித்த வழி இதுதான். சாஞ்சி ஸ்தூபியின் கல்வேலிகளில் இருந்த சின்னச் சின்னக் கல்வெட்டுகளில் மிகப் பல ஒரே எழுத்துகளில் முடிவதை அவர் கவனித்தார். கோயில்களில் இப்படித் தனித்தனியாகப் பொறிக்கப்படுவது கொடுத்தவரின் பெயராகத்தான் இருக்கும், முடிவது ‘தானம்’ என்ற சொல்லாக இருக்கும் என்று ஊகித்தார். ‘த’வும் ‘ன’வும் கைக்கு வந்தன, மற்றவை பின்தொடர்ந்தன. இந்த ஊகத்தை எழுத்து மட்டும் தரவில்லை, எழுத்து நின்ற இடமும் சேர்ந்தே தந்தது. உங்களுக்கோ படம் வரையும் கை இருக்கிறது. ஐந்து கல்லறைகளிலும் கடைசிச் சொல் ஒன்றாக இருக்கட்டும். மூன்று கதவுகளின் மேல் ஒரே குறி இருக்கட்டும். எழுத்துக்குப் பக்கத்தில் பொருளை வரைந்தாலே பாதித் துப்பு கொடுத்தாயிற்று.

புதிருக்கு வடிவம் தேடி வெளியே போக வேண்டாம், எழுத்துகளைக் கட்டத்திலோ படத்திலோ அடுக்கும் நம் பழைய செய்யுள் வகையான சித்திரகவியிலேயே நல்ல அச்சுகள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது சுழிகுளம். வரிக்கு எட்டு எழுத்தாக நான்கு வரி. புள்ளி வைத்த மெய்யையும் ஓர் எழுத்தாக எண்ண வேண்டும். முதல் நெடுவரிசையைக் கீழ்நோக்கியும் எட்டாவதை மேல்நோக்கியும் படித்தால் முதல் வரியே திரும்ப வரும். இரண்டாவதும் ஏழாவதும் இரண்டாம் வரியைத் தரும். மூன்று, ஆறு, நான்கு, ஐந்து என்று இது தொடரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 32 கட்டத்தில் 24 கட்டங்கள் பன்னிரண்டு இரட்டைகள். மீதி 8 கட்டங்களுக்கு இணை கிடையாது. அந்த எட்டும் மேல் இடது மூலையிலிருந்து சரிந்து கீழ்வரியின் நடுவுக்கு வந்து, மேல் வலது மூலைக்கு ஏறும். ஆக நீங்கள் தேட வேண்டியது 20 எழுத்துதான்.

இதை ஒரு மண்டபத்தின் தரையாக வரையுங்கள். சில கற்களைப் பெயர்த்துவிடுங்கள். இரட்டையில் ஒன்று இருந்தால் மற்றதை மீட்கலாம் என்பதால் 12 கற்கள் வரை போனாலும் வாசகம் முழுதாகத் திரும்பும். சரிவில் இருக்கும் எட்டுக் கற்கள் மட்டும் அசையக்கூடாது. ஓர் இரட்டையின் இரண்டு கற்களும் சேர்ந்து போகக்கூடாது. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ஓவியத்தின் அழகுக்காக ஒரு மூலையை மொத்தமாக இடித்துவிடுவது. மேல் மூலை போனால் இணையில்லாத ஒரு கல் நிச்சயம் போய்விடும். எந்தக் கல் இருக்கும், எது போகும் என்பதை முதலில் கட்டம் போட்டு முடிவு செய்துவிட்டு, விரிசலைப் பிறகு வரையுங்கள்.

இனி, கதை மாந்தர் பேசும் புது மொழி. தமிழ்ச் சொல்லுக்குப் பதில் ஒரு புதுச்சொல், வேற்றுமை உருபுக்குப் பதில் ஒரு புது உருபு என்று மாற்றிக்கொண்டே போனால் வருவது வேடம் போட்ட தமிழ். ஒலியிலிருந்து தொடங்குங்கள். தமிழ் எழுத்தில் அச்சாகப்போவதால் ஒரு சிக்கல் உண்டு: கல், தங்கம், அகம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. க, ச, ட, த, ப வைத்து வாசகரை ஒரே மாதிரி உச்சரிக்க வைக்க முடியாது. அவற்றை ஒதுக்கிவிட்டு ண, ள, ழ, ற, ம, ந, வ, ய என்று எட்டு மெய்யும், அ, இ, ஊ, ஏ என்று நான்கு உயிரும் எடுத்துக்கொள்ளுங்கள். 32 அசை கிடைக்கும்; ஈரசைச் சொற்கள் 1,024 வரை அமையும். நூறு பக்கக் கதைக்கு அறுபது சொல்லே தாராளம். ண, ள, ழ, ற போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை; அவற்றை முதலில் வைத்தாலே வாய்க்குச் சிரமமில்லாமல் அந்நியமாக ஒலிக்கும். ஆனால் ளகரமும் ழகரமும் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்களை வைக்காதீர்கள். பலருக்கு அவை காதில் ஒன்றாகத்தான் விழும்.

இலக்கணத்தில், சொல் வரிசை தவிர, ஒரே ஒரு விஷயத்தைத் தமிழிலிருந்து விலக்குங்கள், அது கதையைத் திருப்பும் விஷயமாக இருக்கட்டும். நேரில் கண்டதற்குத் தமிழில் இல்லாத ஒரு விகுதி, கேள்விப்பட்டதற்கு நம் ‘ஆம்’ போல வேறு விகுதி என்பதை நான் பரிந்துரைக்கிறேன். ஆண்டிஸ் மலைப்பகுதியில் பேசப்படும் கெச்சுவாவில் இப்படி ஒட்டுகள் உண்டு. வினை முதலில் வரட்டும்: ‘யேமழி ளவி’ என்றால் கப்பல் வந்தது, நான் பார்த்தேன். ‘யேமறூ ளவி’ என்றால் கப்பல் வந்ததாம். முதல் நாற்பது பக்கத்துக்குள் ‘ழி’யும் ‘றூ’வும் குறைந்தது மூன்று முறையாவது, பொருள் படத்திலேயே தெரியும்படி வரட்டும்: துறைமுகத்தில் நிற்பவள் ஒன்றைச் சொல்கிறாள், அவளிடம் கேட்டு வந்தவன் மற்றதைச் சொல்கிறான். பிறகு அறைக்குள்ளேயே இருந்த அமைச்சர் ‘யேமழி’ என்கிறார். கவனித்து வந்த வாசகருக்கு மட்டும் அவர் பொய் சொல்கிறார் என்று அப்போதே தெரியும். கவனிக்காதவருக்குப் பத்துப் பக்கம் கழித்துத் தெரியட்டும், அவருக்கும் கதை குறைபடாது.

கதையில் குறிகளைச் சுற்றித் திறக்கும் பூட்டுகள் பற்றிச் சுருக்கமாக. மூன்று வளையம், வளையத்துக்கு ஆறு குறி என்றால் 216 சேர்க்கைகள். ஒன்றுக்கு ஐந்து வினாடி என்றாலும் 18 நிமிடத்தில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிடலாம். கதாநாயகி ஏன் மூளையைக் கசக்க வேண்டும் என்று வாசகர் கேட்பார். ஐந்து வளையம், எட்டுக் குறி என்று வையுங்கள்: 32,768 சேர்க்கைகள், தூங்காமல் சுற்றினாலும் 45 மணி நேரத்துக்கு மேல். அல்லது தவறாகச் சுற்றினால் என்ன ஆகும் என்பதைக் காட்டுங்கள்.

எழுத்துருவுக்கு வருவோம். திருப்பினாலோ கவிழ்த்தாலோ மற்றொன்றாகிவிடும் உருவங்கள் வேண்டாம். கல்வெட்டைச் சாய்வான கோணத்தில் வரையும்போது குழப்பம் வரும். கைப்பேசித் திரை அளவுக்குச் சுருக்கி, துணைக்குறிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். எழுத்துரு உருவாக்கும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் செய்யும்போது தமிழ் எழுத்துகளின் இடத்தில் உங்கள் குறிகளை ஏற்றாதீர்கள். எ, ஏ, ஐ துணைக்குறிகளை மென்பொருள் தானாக மெய்க்கு முன்னால் நகர்த்திவிடும், உங்கள் வரிசை கலைந்துபோகும். மின்னூலில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வாசகர் அந்த வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் விடை அப்படியே தமிழில் வந்து நிற்கும். யூனிகோடில் எந்த மொழிக்கும் ஒதுக்காத தனிப்பயன் பகுதியில் 6,400 இடங்கள் இருக்கின்றன, அங்கே வையுங்கள். கடைசியில் எழுத்தை வெறும் கோட்டுருவாக மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

அச்சுப் புத்தகத்தில் விடை எதிர்ப்பக்கத்தில் விழக்கூடாது. இரண்டு பக்கமும் ஒன்றாகக் கண்ணில் படும், பலூனைப் படிக்கும் முன்பே விடை தெரிந்துவிடும். புதிர் வலப்பக்கத்தில், விடை தாளைத் திருப்பிய பிறகு இடப்பக்கத்தில்.

வண்ணம் தீட்டும் முன் பென்சில் பக்கங்களை ஐந்து பேரிடம் கொடுங்கள். இரண்டு பேர் புதிரில் ஆர்வமுள்ளவர்களாகவும் மூன்று பேர் கதைக்காக மட்டும் படிப்பவர்களாகவும் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். எந்தக் குறியை முதலில் கண்டுபிடித்தார்கள், எங்கே நின்றார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைக்காத வேறொரு விடையை ஒருவர் சொல்லி, அதுவும் பொருந்தினால், அவர் தவறு செய்யவில்லை. புதிருக்கு இரண்டு விடை இருக்கிறது. இன்னொரு துப்பு சேர்த்து ஒன்றை நீக்குங்கள். மற்ற மூவரும் புதிரைத் தாண்டிப் போகும்போது கதை புரியாமல் எந்தப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். அந்தப் பக்கத்தின் பலூன்களை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
உங்கள் வாசகத் தோழி