ஊரைக் கேட்காமல் வளர்ச்சியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விட்ட ஏலம் ரத்தான பிறகும், 'ஏழை நாட்டுக்கு முதலில் தொழில் வரட்டும், உரிமையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று எங்கள் மேலூர்ப் பக்கமே சிலர் பேசுகிறார்கள். கேட்டால் சீனாவைக் காட்டுகிறார்கள். அதே சீனாவில் 1959-61 பஞ்சத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், தட்டிக்கேட்க அங்கே எதிர்க்கட்சியும் இல்லை, பத்திரிகைச் சுதந்திரமும் இல்லை. இங்கே 1943இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் வங்காளத்தில் வந்தது மாதிரியான பஞ்சம் சுதந்திரத்துக்குப் பிறகு வரவில்லை. தட்டிக்கேட்க ஆள் இருக்கும் ஜனநாயகத்தில் பெரும் பஞ்சம் வராது என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

ஆனால் நிலம் என்று வந்துவிட்டால் நம் அரசுகளும் பழைய துரைமார் மாதிரிதான் நடந்துகொள்கின்றன. 'பொது நோக்கம்' என்று அரசு சொன்னால் போதும், நிலத்துக்காரர் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், தடுக்க முடியாது. அப்படிப்பட்ட 1894ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சுதந்திர இந்தியா 2013 வரைக்கும் வைத்திருந்தது. அப்புறம் வந்த புதுச் சட்டத்தில், தனியார் கம்பெனிக்கு நிலம் எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும், ஜனங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று பார்க்கும் சமூகத் தாக்க ஆய்வும் நடத்த வேண்டும். அது அமலுக்கு வந்த 2014ஆம் வருஷமே தமிழ்நாடு 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் எடுக்கும் நிலத்துக்கு இந்த இரண்டுமே வேண்டாம் என்று ஆக்கிவிட்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த ஏற்பாடு நிற்கவில்லை, உடனே மாநிலம் இன்னொரு சட்டம் போட்டு அதை மீட்டது, 2021இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022இல் மாநில அரசே அறிவித்தது. அதில் ஒரு பகுதியையும் சேர்த்து 2,015 ஹெக்டேரை 2024இல் மத்திய அரசு ஏலம் விட்டபோது, அங்கே உழுகிற ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. கிராம சபைகள் தீர்மானம் போட்டு, ஜனங்கள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் பேரணி போய், 2025 ஜனவரி 23இல்தான் அது ரத்தானது.

அரசை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. மேலவளவில் தலித்தான முருகேசன் ஊராட்சித் தலைவரானதற்காக 1997இல் அவரையும் உடனிருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றது ஊர்க்காரர்கள்தான். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித் தலைவர் நாற்காலியில் உட்கார 2006 வரை பத்து வருஷம் ஆனது. கூலி, ரோடு, தண்ணீர் பற்றியெல்லாம் தலித்துகள் வாய் திறக்க முடியாத ஊரில் வளர்ச்சி யாருக்கு வரும்?

2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்ததும், தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களைப் போட்டார்கள். இது சரியே இல்லை. ஊராட்சித் தேர்தல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது, 105ஏ பிரிவையும் அதை மீட்ட 2019ஆம் வருஷத்துச் சட்டத்தையும் சட்டமன்றம் நீக்க வேண்டும், சுரங்கமோ சிப்காட்டோ எதுவானாலும் ஏலத்துக்கும் அறிவிப்புக்கும் முன்னாலேயே அந்தந்தக் கிராம சபையில் வைத்துக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேலூர்