பாராட்டும் குறையும் இடம் மாறிவிட்டன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹார்மோனியம், இரண்டு ஃபிடில் (வயலின்), செல்லோ என நால்வர் சேர்ந்து வாசித்த பரிசோதனை நாட்டார் இசைத்தொகுப்புக்குச் சென்ற இதழில் மதிப்புரை வந்திருந்தது. முதல் உருப்படியில் 22 நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை, ஃபிடில் சுருதி சேரவில்லை, மூன்றாம் உருப்படியின் ‘துடிப்பு’ மட்டும் அபாரம் என்கிறார் விமர்சகர். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது அவற்றைவிடத் தவறு.

சுருதியிலிருந்து தொடங்குகிறேன். ஹார்மோனியத்தில் சட்ஜம் (ச) 220 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 220 அதிர்வு; பஞ்சமம் (ப) 329.63. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கிக் கூட்டிய வாத்தியத்தில் பஞ்சமம் அங்கேதான் நிற்கும். சுத்த பஞ்சமம் என்றால் 330. ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் மெல்ல ஒலிக்கும்; அவை சீரிசைகள். சட்ஜத்தின் மூன்றாம் சீரிசை 660, பஞ்சமத்தின் இரண்டாம் சீரிசை 659.26. இவை உரசுவதில் நான்கு விநாடிக்கு ஏறக்குறைய மூன்று விம்மல் (ஒலி ஏறி இறங்கும் அலை) எழும். அதன்மேல் ஃபிடில் காதால் கூட்டிய 330-ஐ இழுக்கிறது, 2.7 விநாடிக்கு ஒருமுறை எழும் இன்னொரு மெதுவான விம்மல் சேர்கிறது. விலகியிருப்பது ஹார்மோனியம், ஃபிடில் அல்ல. துருத்தியை அழுத்தினால் ரீடின் (காற்றில் அதிரும் உலோக நாக்கின்) சுருதி மயிரிழை இறங்கும், விம்மல் விரையும், தளர்த்தினால் ஆறும். வாசிப்பவர் தாளத்தை அந்தக் கையில் வைத்திருக்கிறார்.

பிறகு ஹார்மோனியத்தில் காந்தாரம் (க) நுழைகிறது: 277.18. சுத்தமாக இருந்தால் 275 இருக்க வேண்டும். சட்ஜத்தின் ஐந்தாம் சீரிசையோடு (1100) இதன் நான்காம் சீரிசை (1108.7) மோத, விநாடிக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவாக விம்மல். அந்த வேகத்தில் விம்மல்களைத் தனித்தனியே எண்ண வராது, படபடக்கும் கரகரப்பாகத்தான் காதில் விழும். இரண்டாம் ஃபிடில் 275-ஐப் பிடித்ததும் ஹார்மோனியக்காரர் அந்தக் கட்டையை விட்டுவிடுகிறார். கரகரப்பு சட்டென்று விலகி ஒலி வெளுக்கிறது. 22 நிமிடத்தின் பெரிய சம்பவம் இது. விமர்சகர் இதை ‘பதிவுக் கோளாறு நீங்கியது’ என்று எழுதியிருக்கிறார்!

இதில் நாட்டார் இசை எங்கே என்று யாரும் கேட்கலாம்; ஃபிடிலின் தந்திகளே பதில். மேற்கத்திய சுரப்பெயர்களில் சொன்னால், நான்கு தந்திகளும் வழக்கமான ஜி-டி-ஏ-ஈ அல்ல. கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒரு முழுச்சுரம் ஏற்றி ஏ-ஈ-ஏ-ஈ. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி ஃபிடில்காரர்களின் பழைய முறை இது. மெட்டு ஒரு தந்தியில் ஓட, பக்கத்துத் தந்தி ஒத்து ஊதிக்கொண்டிருக்கும். இந்தக் குழு மெட்டை எடுத்துவிட்டு ஒத்தை மட்டும் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கேட்கும் முறையும் முக்கியம். கைப்பேசி ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் வராது; செல்லோவின் அடி காணாமல் போகும். செயலியில் ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட வேண்டும். அறையில் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்காமல் சற்று நகர்ந்து பாருங்கள். எடுத்துக்காட்டாக, 110 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.1 மீட்டர். சுவர்களுக்கிடையே நிலையலை (உச்சமும் அடக்கமும் இடம் மாறாமல் நிற்கும் அலை) உருவாவதால், ஒலி உச்சத்தில் இருக்கும் இடத்திலிருந்து முக்கால் மீட்டர் தள்ளினால் அதே சுரம் ஏறக்குறைய அடங்கிவிடும்.

இனி அந்த அபாரமான துடிப்பு. மூன்றாம் உருப்படியில் செல்லோவின் திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் எர்த் சரியில்லை என்றால் 50 ஹெர்ட்ஸிலும் அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸிலும் ஹம் (மின்சார ரீங்காரம்) வரும். 98-க்கும் 100-க்கும் இடையே விநாடிக்கு இரண்டு விம்மல். விமர்சகர் வியந்தது அதைத்தான். வில் திரும்பினாலும் அழுத்தம் மாறினாலும் அதன் வேகம் மாறவில்லை என்பதைக் கவனிக்கலாம். கடைசியில் வில்லை எடுத்தபின் துடிப்பு நின்று, வெறும் ரீங்காரம் சில விநாடி தனியே நிற்கிறது. மனிதக் கை வாசித்ததற்கு அந்தச் சீர் வராது. பின்னால் வடிகட்டுவதும் எளிதல்ல. 100-ஐ வெட்டினால் இரண்டே ஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் 98-உம் சேர்ந்து தேயக்கூடும்.

1960களில் நியூயார்க்கில் லா மான்ட்டே யங், டோனி கான்ராட், ஜான் கேல் ஆகியோர் அடங்கிய குழு, அந்நாட்டு மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையே ஆதார சுருதியாக எடுத்துக்கொண்டு அதற்கேற்ப வாத்தியங்களைக் கூட்டியது. இவர்களும் ஜி தந்தியை 35 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்றி 100-இல் நிறுத்தியிருந்தால் ஹம் சுருதிக்குள் கரைந்திருக்கும். விமர்சகர் பாராட்ட அந்தத் துடிப்பும் இருந்திருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்