இசையும் சட்டமும் ஒரே வகுப்பில் சந்திக்கட்டும்

பல்கலைக்கழகங்களின் சட்டத் துறை, இசைத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

இசையையும் சட்டத்தையும் சேர்த்து ஒரே கூட்டுப் பட்டமாகப் படிக்கும் வாய்ப்பு ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருக்கிறது. அதை மனமார வரவேற்கிறவன் நான். ஆனால் காலையில் ஒப்பந்தச் சட்டம், மாலையில் வாத்தியப் பயிற்சி என்று இரண்டு கால அட்டவணைகளை ஒட்டிவைத்தால் மட்டும் அது கூட்டுப் படிப்பு ஆகிவிடாது. இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் பாடம் ஆண்டுக்கு ஒன்றாவது வேண்டும். இந்த மடலின் முதன்மையான கோரிக்கை இதுதான்.

அந்த வகுப்பில் எதைப் படிப்பது? லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் வழக்கிலிருந்து தொடங்கலாம். அவர்களுடைய 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடலின் தொடக்கம், ஸ்பிரிட் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'டாரஸ்' என்ற படைப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 2016இல் அமெரிக்க ஜூரிகள் அதை ஏற்கவில்லை. 2020இல் மேல்முறையீட்டிலும் அந்த முடிவே நிலைத்தது. ஆனால் 'டாரஸ்' இசைத்தட்டை ஒப்பிட்டுக் கேட்க ஜூரிகளுக்கு வழியில்லை. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையைப் பதிவுசெய்ய 1967இல் ஒப்படைத்த இசைக்குறிப்புத் தாளில் உள்ளதற்கு மட்டுமே பதிப்புரிமை. அந்தத் தாளைப் பார்த்து வாசித்துக் காட்டியதைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

சட்டம் மட்டும் படித்தவர் இதில் சட்டப்பிரிவைப் பார்ப்பார். இசை மட்டும் படித்தவர், இரு படைப்புகளிலும் படிப்படியாக இறங்கும் ஸ்வர வரிசை நெடுங்காலமாகப் பலர் கையாண்டது என்பார். இரண்டும் கற்றவரால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும்: தாளில் ஏறாதது இசையில் எவ்வளவு? ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் இசைக்கும் கமகத்தை எந்தக் குறிப்பும் முழுதாகப் பிடித்துவைப்பதில்லை. குருவின் வாயிலிருந்து சீடரின் காதுக்குப் போகும் இசைக்கு, தாளை அளவுகோலாக வைத்த சட்டம் எப்படி நியாயம் செய்யும்?

இன்னொன்றும் உண்டு. படைப்பவரைக் காக்கும் பெர்ன் உடன்படிக்கை 1886இல் வந்தது. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் ரோம் உடன்படிக்கை வர 1961 ஆயிற்று. இந்த 75 ஆண்டு இடைவெளியின் கனம், மேடையேறிப் பாடிய மாணவருக்கு எவரும் விளக்காமலே புரியும்.

சட்டத் துறையிடம் தனியாக ஒரு வேண்டுகோள். இசை மாணவர் நாள்தோறும் செய்யும் பயிற்சியான சாதகத்தைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதாதீர்கள். தீர்ப்புகளைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாகப் படித்துவிடலாம். சாதகத்தைச் சேர்த்து வைத்துச் செய்ய முடியாது. நாள்தோறும் பழகினால்தான் கையும் குரலும் வசப்படும். அந்த மணிநேரங்களுக்கு மதிப்பலகு (கிரெடிட்) கொடுங்கள். மாதிரி நீதிமன்றப் போட்டியும் இசை அரங்கேற்றத் தேர்வும் ஒரே வாரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசைத் துறையினருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சட்டமும் படிக்கிறார் என்பதற்காக ஒரு மாணவரை அரைமனதுக்காரர் என்று எண்ணுவது அநியாயம். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி 1859இல் சட்டப் பள்ளிப் படிப்பை முடித்து நீதி அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். பிறகுதான் இசைக் கல்லூரிக்குப் போனார், வேலையையும் விட்டார். ஒன்றை உதறினால்தான் மற்றொன்று என்ற அந்த நிலையை உங்கள் மாணவர்களுக்கு வைக்காதீர்கள். நடுவில் ஒரு துறையை விட நேர்ந்தாலும், அதுவரை முடித்த பாடங்கள் மற்றப் பட்டத்துக்குக் கணக்கில் வரட்டும்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இரு துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து, முதலாண்டுக்கான அந்தப் பொதுப்பாடத்தை எழுதத் தொடங்குங்கள்.

அன்புடன்,
இரண்டையும் நேசிக்கும் ஒருவன்