எட்டு விளக்கும் எரிந்த கேபிள்

தம்பி,

கணினி வலையமைப்பு மன்றத்தை ஜனவரியில் மறுபடி தொடங்குகிறோம். பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இதை வேறு பலரும் படிப்பார்கள் என்பதால் உன் பெயரோ பள்ளியின் பெயரோ இதில் இல்லை. அன்று கணினிக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதும் வேண்டாம்.

நீ செய்த அந்த 25 மீட்டர் வலையமைப்புக் கேபிளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதனுள் எட்டு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகள்.

சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. கணினிகளை இணைக்கும் சுவிட்சில் செருகினால் தொடர்பு வந்து வந்து அறுந்தது. "கவனமில்லாமல் அழுத்தியிருக்கிறாய்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கேபிள் முனையில் செருகியைப் பொருத்தும் கிரிம்பரை நீ அழுத்தியதில் ஒரு குறையும் இல்லை. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று சோடி சோடியாக அடுக்கச் சொல்லித் தந்தவனே நான்தான். இழைகளை அடுக்கும் தரமுறைகளில் ஒன்றான டி568பி முறையில் பச்சைச் சோடி 3ஆம், 6ஆம் இடங்களுக்குப் பிரிந்து போக வேண்டும். நீலச் சோடி அதன் நடுவே 4, 5இல் உட்கார வேண்டும். நாம் அடுக்கியதில் 3இல் பச்சைச் சோடியின் இழை, 6இல் நீலச் சோடியின் இழை. ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு இழைகளில் சமிக்ஞை ஓடினால் பக்கத்துச் சோடியின் இரைச்சல் உள்ளே வந்துவிடும். விளக்குக் கருவிக்கு இது தெரியாது. இழை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கும். அதே தவறோடு செய்த 2 மீட்டர் கேபிள்கள் ஓடின. நீளம் கூடியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

எட்டு விளக்கு எரிந்தால் யார்தான் வரிசையைச் சந்தேகிப்பார்கள்? இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு தவணையை ஓட்டினேன். வரிசையைச் சந்தேகிக்காத நான் உன்னைச் சந்தேகித்தேனே. மன்னித்துவிடு, தம்பி.

ஆனால் நீ மறுவாரமே மன்றத்துக்கு வராமல் நின்றுவிட்டாய். சுவிட்சின் கடவுச்சொல்லும் ஒவ்வொரு கணினிக்கும் தரும் எண்ணான ஐபி முகவரியின் பட்டியலும் உன்னிடமே இருந்தன. மற்ற பதினொரு பேரை ஒரு நிமிடம் நினைத்தாயா? அவர்கள் உனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

இனி அந்த முகவரிப் பட்டியல் கூடத்தின் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும். 12 பேர், மூன்று குழு, 192.168.10.11 முதல் 22 வரை ஆளுக்கொரு முகவரி. இரண்டு பேர் ஒரே முகவரியைப் போட்டால் ஒருவர் துண்டிக்கப்படுவார். சொந்த மடிக்கணினிகள் வேண்டாம்: பள்ளியின் மேலாண்மைச் செயலி இருப்பதால் முகவரியை மாற்ற அனுமதி கிடைக்காமல் போகலாம். பழைய மேசைக் கணினிகள் போதும். மற்றக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையை விண்டோஸின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால் தடுப்பது வழக்கம். அதை அறியாமல் நல்ல கேபிளை வெட்டி எறிகிறார்கள்.

சிங்கப்பூரில் மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் வாங்கும்போது, செருகி இழைக்குள் ஒரே கம்பி உள்ள தனிக்கம்பி கேபிளுக்கானதா, பல மெல்லிய கம்பிகள் உள்ள பல்லிழைக் கேபிளுக்கானதா என்று கேட்டு வாங்க வேண்டும். மாறினால் பிடிப்பு தளரும். ஆளுக்கு இரண்டு முனைக்கு இரண்டு, பழகும்போது பாழாவதற்கு நான்கு என்று வைத்தால் 12 பேருக்கு 72. 100 செருகி உள்ள பை ஒன்று சரியாக வரும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கவே கூடாது.

பள்ளியின் வலையமைப்பில் ஒரு கேபிளும் செருகப்போவதில்லை. சாதாரணச் சுவிட்சின் இரண்டு துளைகளை ஒரே கேபிளால் இணைத்துவிட்டால் தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாம் உறைந்துபோகும். அந்தத் தவறை ஒருவர் கட்டாயம் செய்வார். தனியாக வைத்தால் உறைவது நம் மேசை மட்டும்.

உன் கேபிள் இன்னும் அலமாரியில் இருக்கிறது. இரு முனைகளையும் வெட்டி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று மறுபடி போட வேண்டும். நான் இன்னும் அதைத் தொடவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் உனக்கு நேரம் கிடைத்தால் வா. கிரிம்பர் மேல்தட்டில் இருக்கிறது.