மூன்று மணி நேர வித்தியாசம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். வாட்ஸ்அப்பில் நான் எதைப் போட்டாலும் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். காகிதத்தில் டிக் விழாது. நீ எப்போது படித்தாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தொந்தரவில்லை.

முதலில் ஏசி விஷயம். ஆளைக் கூப்பிட்டு சர்வீஸ் செய்துவிடு என்று ஏப்ரலிலேயே சொன்னேன். செய்தாயா? ஃபில்டரை மாற்றினாயா? ரிப்பேர்காரர் நம்பரை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வை. போனில் இருக்கிறதே என்று சொல்லாதே, போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். அப்பா பேப்பரில் வருவதையெல்லாம் வெட்டி மஞ்சள் ஃபைலில் வைக்கிறார். 2023-இல் உங்கள் ஃபீனிக்ஸில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் 31 நாள் தொடர்ந்து அடித்ததாம். அந்த வருஷம் உங்கள் மாரிகோபா கவுண்டியில் மட்டும் வெயிலோடு சம்பந்தப்பட்ட சாவு 645. வீட்டுக்குள்ளேயே செத்தவர்களில் பல பேர் வீட்டில் ஏசி இருந்திருக்கிறது, ஓடவில்லை, அவ்வளவுதான். தனியாக இருப்பவர்கள் என்றால் யார் வந்து பார்ப்பார்கள்? நான் பொதுவாகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை சௌக்கியமா? வேலை அதிகம் போலிருக்கிறது. சரி, இருக்கட்டும்.

இங்கே கிளீவ்லாண்டில் தியாகராஜ ஆராதனைக்கு இந்த வருஷமும் போனோம். பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது மேடையில் இடமில்லாமல் கீழேயும் உட்கார்ந்து பாடினார்கள். 1978-இல் ஆரம்பித்தது, இன்னும் கூட்டம் குறையவில்லை. இந்த ஊரில் எதற்காவது கூட்டம் குறையவில்லை என்றால் அது இதற்குத்தான். நீ எட்டு வயதில் போட்டியில் பாடி, நடுவில் மறந்துபோய், மறுபடி பல்லவியிலிருந்து தொடங்கினாயே, அதே ஹாலில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் உன்னைக் கேட்டார்கள் தெரியுமா? பெண் வரவில்லையா, மாப்பிள்ளை வரவில்லையா என்று. அங்கே கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில் லீவே கிடைப்பதில்லை என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான், கேட்டவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்துக்கொண்டு போயிருக்கிறேன் என்பது உறைத்தது.

அப்பாவுக்கு ஒரே பேச்சு. 1950-இல் கிளீவ்லாண்டில் 9 லட்சத்து 14 ஆயிரம் பேர், உங்கள் ஃபீனிக்ஸில் 1 லட்சத்து 6 ஆயிரம். 2020 கணக்கெடுப்பில் நாங்கள் 3 லட்சத்து 72 ஆயிரம், நீங்கள் 16 லட்சம். அதே கணக்கெடுப்பில் நம் ஒஹையோ மாநிலத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு சீட் போச்சு, டெக்ஸஸுக்கு இரண்டு கூடிற்று. இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்வார். உச்சமாக அவர் சொல்வது ஏசி கதைதான். அந்த மெஷினைச் செய்த வில்லிஸ் கேரியரே நம் ஈரி ஏரிக்கரைக்காரராம், பஃபலோ பக்கத்தில் பிறந்தவர். 1902-இல் புரூக்லினில் ஓர் அச்சகத்துக்காகச் செய்தார், காகிதம் ஈரத்தில் சுருங்கி விரிகிறது என்று. "காகிதத்துக்காகச் செய்ததை வைத்து நம் ஜனத்தையே தெற்கே ஓட்டிவிட்டார்கள்" என்கிறார் அப்பா. ஏசி மட்டுமா? யூனியன் பலம் இல்லாத ஊர், நிலம் மலிவு, டெக்ஸஸில் சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாது, கம்பெனிக்காரர்கள் போகாமல் என்ன செய்வார்கள்? நான் இதை எப்போதோ தெரிந்துகொண்டேன். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

எதிர்வீட்டு அம்மாள் இந்த முறை ஃப்ளோரிடாவிலிருந்து திரும்பவில்லை. நவம்பரில் போவார், ஏப்ரலில் வருவார், இப்போது வீட்டையே விற்கிறாராம். வாசலில் பலகை நட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒஹையோவிலேயே கொலம்பஸ் பக்கம் பெரிய சிப் ஃபேக்டரி வருகிறது என்று 2022-இல் அறிவித்தபோது நான் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. காரில் இரண்டரை மணி நேரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். இப்போது அது 2030-க்கு மேல்தான் என்கிறார்கள். அப்போது எனக்கு 75 தாண்டிவிடும். தேங்காய் போனது போகட்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எனக்குத் திமிர் உண்டு. உங்கள் ஊருக்கு கொலராடோ ஆற்றுத் தண்ணீரை 336 மைல் கால்வாய் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். 2021-இல் முதல் தடவையாகப் பற்றாக்குறை என்று அறிவித்து உங்கள் மாநிலத்தின் பங்கைக் குறைத்தார்கள். இங்கே ஏரி கடல் மாதிரி கிடக்கிறது, அதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 2008-இல் சட்டமே போட்டாயிற்று. தண்ணீர் இருக்கிறது, குடிக்க ஆள் இல்லை. அங்கே ஆள் இருக்கிறார்கள். காரில் எப்போதும் நான்கு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள். சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கியை வெறும் கையால் தொடாதே. ஏசி ஆளைக் கூப்பிட்டாயா?

பொங்கலன்று வீடியோவில் பேசினாயே, அன்று நீ போனைத் திருப்பி வைத்தபோது உன் பின்னால் செருப்பு ஸ்டாண்ட் தெரிந்தது. மேல் தட்டு காலியாக இருந்தது. மாப்பிள்ளையின் அந்தப் பெரிய வெள்ளை ஷூ இரண்டு ஜோடியும் இல்லை. வெளியே போயிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு ஜோடியையும் போட்டுக்கொண்டு யார் வெளியே போவார்கள்? பிப்ரவரியில் ஒருநாள் பேசியபோதும் அதே தட்டு. நான் எதையும் கேட்கவில்லை. வீட்டு லோன் இரண்டு பேர் சம்பளத்தை வைத்துப் போட்டது என்பது மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு ஞாபகம் வருகிறது.

கோயிலில் அர்ச்சனை செய்யும்போது உங்கள் இரண்டு பேர் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள். இல்லை, இதில் தப்பு என்ன இருக்கிறது?

இப்போது ஒன்று சொல்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு, அல்லது வைத்துக்கொள், உன் இஷ்டம்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஹூஸ்டனில் பதினொரு மாதம் இருந்தார். கம்பெனி டெபுடேஷன் என்று உனக்குச் சொன்னேன், அண்ணாவுக்குச் சொன்னேன், திருச்சிக்கு எழுதினேன், கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அது டெபுடேஷன் இல்லை. மில்லில் ஆளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஹூஸ்டனில் நல்ல வேலை கிடைத்தது. போகலாம் என்றார், நான் மாட்டேன் என்றேன். என் வேலை, உன் பாட்டு கிளாஸ், அண்ணா ஸ்கூல் என்று நூறு காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். திருச்சியிலிருந்து கிளம்பும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்டார்கள். கேட்டார்களே என்பதற்காகவே மாட்டேன் என்றேன்.

அப்பா தனியாகப் போனார். மாதம் ஒருமுறை வந்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். மொத்தமே இரண்டு தடவைதான் வந்தார். அந்த கௌபாய் தொப்பியை உனக்கு வாங்கிவந்தாரே, அன்று ராத்திரி நாங்கள் சமையலறையில் உட்கார்ந்து எதை யாருக்கு என்று பிரித்துப் பேசினோம். மறுநாள் நீ தொப்பியை ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போனாய். நான் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். இதை அண்ணாவுக்குக்கூட இதுவரை சொன்னதில்லை.

ஜனவரியில் ஒருநாள் விடிகாலை, வாசலில் பனி அள்ளும் சத்தம் கேட்டது. மண்வெட்டி சிமெண்ட்டில் உரசுகிற அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து ஜன்னலைத் திறந்தால் அப்பா. பச்சை சூட்கேஸ் பனியில் நிற்கிறது. உள்ளே வரவில்லை, பேசவில்லை. டிரைவ்வே முழுவதையும் அள்ளி முடித்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார். நான் காபி கொடுத்தேன். பிறகு முன்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு இங்கேயே ஒரு வேலை பிடித்தார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மஞ்சள் ஃபைலைத்தான் சேர்க்கிறார். அவரோடு ஹூஸ்டனில் இருந்தவர்களெல்லாம் இன்று சுகர்லாண்டில் பெரிய பெரிய வீட்டில் இருக்கிறார்கள், பேர்லாண்ட் மீனாட்சி கோயிலில் டிரஸ்டி கிரஸ்டி என்கிறார்கள். யார் கணக்கு சரி என்று நான் பார்ப்பதில்லை.

உனக்கும் இப்படியே ஆகும் என்று சொல்லவரவில்லை. அவர் வராமலே போயிருக்கலாம். நான் பொய் சொன்னதைத்தான் சொல்லவந்தேன். அந்தப் பதினொரு மாதமும் வீட்டில் யார் கேட்டாலும் "டெபுடேஷன்" என்று நீயும் சொல்லிப் பழகினாய். அந்த வார்த்தையை உச்சரிக்க வராமல் மூன்று நாள் பழகினாய். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மார்ச்சில் இங்கே கடிகாரத்தை வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். உங்கள் ஊரில் மாற்றுவதில்லை. இரண்டு மணி வித்தியாசம் மூன்றாகிவிட்டது. நீயும் நகரவில்லை, நானும் நகரவில்லை. அதனால் ராத்திரி உனக்கு ஒழியும் நேரத்தில் அம்மா தூங்கியிருப்பாள் என்று நினைத்துக் கூப்பிடாமல் இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தூங்குவதில்லை.

வெயில் காலத்தில் உங்கள் ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொன்னவள்தான். ஜூலை 2-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அப்பா வரவில்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டுமாம். ரிட்டர்ன் டிக்கெட் இன்னும் போடவில்லை. நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுவருகிறேன், மற்றது ஏதாவது வேண்டுமானால் சொல். அதற்குள் ஏசி ஆளைக் கூப்பிட்டுவிடு.

ஏர்போர்ட்டுக்கு நீ மட்டும் வந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா