ஆட்டின் ஏழு யாருக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போக்கர், ரம்மினாலே உங்க பேப்பர்ல தடைச் சட்டம், கோர்ட் கேஸ், கடன்ல மாட்டினவங்க கதைன்னுதான் வருது, வரட்டும், அதுல தப்பு சொல்ல வரல. 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல ஆன்லைன் பணவிளையாட்டுக்கு தடை வந்ததும் எங்க செட்டு போனை மூடிட்டு மொட்டை மாடிக்கு வந்துடுச்சு. காசு கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ்தான், தோத்தவன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கணும். அதுக்கே என்ன சண்டைங்கறீங்க!

மூணு வாரம் முன்னாடி ஆறு பேர் ஹோல்டெம் ஆடினோம், அதாவது ஆளுக்கு கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு திரும்பற போக்கர். நடுவுல மூணு சீட்டு விரிச்சாச்சு, அதுல ரெண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்). ஒருத்தர் பெருசா பெட் வெச்சார், அடுத்தவர் யோசிச்சிட்டு இருக்கார், அதுக்குள்ள சீட்டு போட்டுட்டு இருந்த ஃப்ரெண்டோட மச்சான் பேச்சு சுவாரசியத்துல நாலாவது சீட்டைத் திருப்பிட்டார். ஆட்டின் ஏழு. யோசிச்சிட்டு இருந்தவர் கையில ரெண்டு ஆட்டின் இருந்துச்சு, அஞ்சும் ஒரே ஜாதி, ஃப்ளஷ்! அவர் "விழுந்தது விழுந்ததுதான், கால் (அதே அளவு சிப்ஸ் நானும் வெக்கறேன்)"ங்கறார், பெட் வெச்சவர் "இது போங்கு, மொத்தமா கலைச்சு போடு"ங்கறார். வீட்டுக்காரர்தான் எங்க நாட்டாமை, அவர் கலைக்கச் சொல்லிட்டார். அப்புறம்தான் தெரிஞ்சது, அந்த கையில அவரும் சிப்ஸ் விட்டுட்டு ஒண்ணுமில்லாம உக்காந்திருந்தாராம்.

நான் வீட்டுக்கு வந்து டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன், அதாவது போக்கர் போட்டி நடத்தறவங்க 2001ல ஆரம்பிச்ச சங்கமான டிடிஏ, அவங்க விதியை உக்காந்து படிச்சேன். மூணு பேர் சொன்னதும் தப்பு! அந்த ஏழாம் சீட்டை ஓரமா வெச்சுட்டு பெட்டிங்கை முடிக்கணும், ஒரு சீட்டை கவுத்து ஒதுக்கிட்டு அஞ்சாவதா வரவேண்டிய சீட்டை நாலாவதா போடணும், அந்த ரவுண்டு முடிஞ்சதும் ஏழாம் சீட்டை மறுபடி கட்டுல சேத்து கலைச்சு, இந்த தடவை ஒதுக்காம கடைசி சீட்டைத் திருப்பணும். அதாவது ஏழு திரும்ப வர்றதுக்கு ஒரு வழி விட்டு வெச்சிருக்காங்க, ஆனா அதைப் பாத்துட்டு கால் சொல்ற வசதி மட்டும் யாருக்கும் கிடையாது. எங்க ஆளு "எனக்கு வரவேண்டிய சீட்டு"ன்னு இன்னிக்கும் புலம்புறார், கவுந்து கிடக்கற சீட்டுல யார் பேரு எழுதியிருக்கு சொல்லுங்க, திருப்பறதுக்கு முன்னாடி 52ல எது எங்க இருந்தா என்ன, பாத்த பிறகுதானே ஆசை வருது.

கலைச்சுப் போடறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. கட்டுல இருந்து போடற முதல் ரெண்டு சீட்டுல ஒண்ணு போடறவர் தப்பால திரும்பிட்டா மொத்தமா மறுபடி போடலாம். ஆனா ரெண்டு பேர் வரிசையா ஆடி அதுல ஒருத்தராவது சிப்ஸ் விட்டாச்சுன்னா, இல்ல எப்படியோ மூணு பேர் ஆடியாச்சுன்னா, அப்புறம் "சீட்டு தப்பா போட்டே"ன்னு கத்தி பிரயோஜனம் இல்ல, அந்த கையை ஆடித்தான் ஆகணும். பிளைண்ட், அதாவது சீட்டு பாக்கறதுக்கு முன்னாடியே கட்டாயமா வெக்கற சிப்ஸ், இந்த கணக்குல சேராது. நடுவுல முதல்ல மூணுக்கு பதிலா நாலு சீட்டு விரிச்சுட்டா நாலையும் கவுத்து கலைச்சு ஒண்ணை ஒதுக்கிடணும், அவ்வளவுதான்.

டிடிஏவோட முதல் விதியே ஆட்டத்தோட நலனும் நியாயமும்தான் பெருசு, அபூர்வமா சில சமயம் எழுத்து விதியை விட பொது அறிவுக்கு முன்னுரிமைன்னு இருக்கு. டோர்னமென்ட்ல தீர்ப்பு சொல்ற ஆளு சீட்டு ஆடமாட்டார், அதனால சரி. எங்க மாடியில ஒவ்வொருத்தர் பொது அறிவும் அவங்கவங்க கை சீட்டைப் பாத்துதான் வேலை செய்யுது, வீட்டுக்காரரையும் சேத்து. அதனால இப்ப அந்த கையை விட்டு ஃபோல்ட் ஆன ஆளுதான் தீர்ப்பு சொல்லணும், அதுவும் ஆரம்பிக்கும்போதே வாசிச்சுக் காட்டின தாள்ல இருக்கறபடி.

ஆட்டின்காரர் ரெண்டு வாரமா வரல. இந்த விதியெல்லாம் தமிழ்ல உங்க ஞாயிறு இணைப்புல அரைப்பக்கம் போட்டீங்கன்னா அவர் வீட்டுக்கே எடுத்துட்டுப் போய் காட்டுவேன், நான் எழுதி வெச்ச தாள் மேல அந்த மச்சான் சால்னாவை கொட்டிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேடவாக்கம்